தச்சுப்பட்டறையில் ஒரு சுல்தான்: இரண்டாம் அப்துல் ஹமீதும் ஹெரெக்கே பட்டுக் கம்பளங்களும்

துருக்கிப் பட்டுக் கம்பளம் என்று சொன்னதும் விஷயம் தெரிந்தவர்கள் உச்சரிக்கும் முதல் பெயர் ஹெரெக்கே. இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே, இஸ்மித் வளைகுடாவின் வடகரையில் இருக்கும் ஒரு சிறிய ஊர் அது. அந்த ஊர்ப் பெயர் இன்றும் ஏல மண்டபங்களில் மதிப்போடு ஒலிப்பதற்குக் காரணமானவர் என்று ஒரே ஒரு மனிதரைச் சுட்டச் சொன்னால், நான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைத்தான் சுட்டுவேன். 1876 முதல் 1909 வரை 33 ஆண்டுகள் ஒட்டோமான் பேரரசை ஆண்டவர். அந்த அரச பரம்பரையில் அதிகாரத்தை உண்மையிலேயே தன் கையில் வைத்திருந்த கடைசி சுல்தான்.

இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சங்கடம் தொடங்கிவிடுகிறது. ஐரோப்பியப் பத்திரிகைகள் அவருக்குச் சிவப்பு சுல்தான் என்று பெயரிட்டன. ஆர்மீனியர்கள் வீட்டில் அந்தப் பெயரை இன்றும் வேறு எந்த நிறத்திலும் சொல்லமாட்டார்கள். துருக்கியிலோ ஒரு சாரார் அவரை, வல்லரசுகளின் சூழ்ச்சிகளுக்கு நடுவே பேரரசைக் காப்பாற்றப் பாடுபட்ட மாமனிதராகக் கொண்டாடுகிறார்கள். அரசுத் தொலைக்காட்சி 2017 முதல் 2021 வரை அவரை நாயகனாக்கி நெடுந்தொடரே எடுத்தது. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. மரத்தூள் படிந்த உடையோடு இழைப்புளி பிடித்து நிற்கும் ஒரு தச்சனின் படம். கம்பளங்களுக்குப் போகும் வழி அந்தத் தச்சனிடமிருந்துதான் தொடங்குகிறது.

1842 செப்டம்பரில் இஸ்தான்புல்லில் பிறந்தார் அப்துல் ஹமீது. தந்தை சுல்தான் அப்துல் மெஜீது. தாய் திரிமுஜ்கான், அந்தப்புரத்துக்குக் கொண்டுவரப்பட்ட சர்க்காசியப் பெண். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவள் காசநோயில் இறந்துபோனாள். பிள்ளை இல்லாத இன்னொரு மனைவியான பெரெஸ்து அவரை வளர்த்தாள். பிற்காலத்தில் அவர் அரியணை ஏறியபோது அரசத் தாய் என்ற பட்டம் அவளுக்கே போயிற்று. யாரையும் எளிதில் நம்பாத, கூட்டத்தைத் தவிர்க்கிற, கணக்கில் கெட்டியான ஒரு இளவரசராக அவர் வளர்ந்தார். தனக்குக் கிடைத்த படித்தொகையை வீணடிக்காமல் பண்ணை நடத்திப் பெருக்கிக்கொண்டவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அண்ணன் முராதுக்கு இசையும் விருந்தும் பிடிக்கும். தம்பிக்கு மரவேலை பிடித்தது.

ஒட்டோமான் இளவரசர்கள் ஏதாவது ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்வது பழைய வழக்கம். மாபெரும் சுலைமான் பொற்கொல்லர் வேலை பயின்றவர். நம் பக்கத்தில் ஔரங்கசீப் தொப்பி தைத்த கதையைச் சொல்வார்கள், அதுபோல. ஆனால் பல இளவரசர்களுக்கு அது சடங்கு. அப்துல் ஹமீதுக்கு அது வாழ்நாள் பழக்கம். யில்திஸ் அரண்மனையில் அவருக்கென்று ஒரு பட்டறை இருந்தது. சிப்பியும் பலவண்ண மரத்துண்டுகளும் பதித்த மேசைகள், அலமாரிகள், எழுதுபெட்டிகள் அவர் கையால் செய்தவை என்று இஸ்தான்புல் அரண்மனைகளில் இன்றும் காட்டப்படுகின்றன. அரசனின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத வேலைப்பாடு. பதிப்பு வேலை செய்பவனுக்குச் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய உருவம் உண்டாக்கும் பொறுமை வேண்டும். கம்பளத்துக்கும் அதுவே அடிப்படை.

அவர் பிறந்த மறுவருடம், 1843இல், ஹெரெக்கேயில் ஒரு துணி ஆலை தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ததியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தார். பேரரசின் வெடிமருந்து ஆலைகளைத் தலைமுறைகளாக நடத்தியவர்கள். இரண்டு வருடத்தில் ஆலை அரசரின் உடைமையாயிற்று. பாஸ்பரஸ் கரையில் அப்துல் மெஜீது கட்டி 1856இல் குடிபுகுந்த தோல்மாபாஹ்சே அரண்மனைக்கு வேண்டிய பட்டுத் திரைகளும் இருக்கைத் துணிகளும் அங்கே நெய்யப்பட்டன. அப்போது அங்கே கம்பளம் இல்லை; துணி மட்டுமே. அரண்மனைக்கான செலவு கடனில் நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1854இல் முதல் வெளிநாட்டுக் கடன், 1875இல் திவால். அந்தக் கடன் நம் கதைக்குள் பின்னால் பட்டுப்புழு வடிவத்தில் திரும்பி வரும்.

1867இல் சித்தப்பா சுல்தான் அப்துல் அஜீஸோடு பாரிஸ், லண்டன், வியன்னா என்று ஒரு சுற்றுப்பயணம் போய்வந்தார். போர் தொடுப்பதற்காக அன்றி ஒட்டோமான் சுல்தான் ஒருவர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது அதுவே முதல் முறை. அந்த வருடம் பாரிஸில் உலகக் கண்காட்சி. எந்திரங்களும் ஆலைப் பொருள்களும் குவிந்து கிடந்த கூடங்களை 24 வயது அப்துல் ஹமீது பார்த்தார்.

1876 ஒரு பயங்கர வருடம். மே மாதம் அப்துல் அஜீஸ் பதவியிறக்கப்பட்டு, சில நாட்களில் மணிக்கட்டு நரம்புகள் அறுபட்ட நிலையில் பிணமாகக் கிடந்தார். அண்ணன் முராது அரியணை ஏறி, மனம் பேதலித்து, மூன்று மாதத்தில் இறக்கப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று அப்துல் ஹமீது சுல்தானானார். டிசம்பரில் அரசியல் சட்டம் அறிவித்தார். அடுத்த வருடம் ரஷ்யாவோடு போர். ரஷ்யப் படை இஸ்தான்புல்லின் வாசல்வரை வந்து நின்றது. 1878 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அது மறுபடி கூட முப்பது வருடம் ஆயிற்று. அதே ஆண்டு மே மாதம், அடைத்துவைக்கப்பட்டிருந்த முராதை மீட்டு மறுபடி அரியணையில் வைக்க ஒரு கூட்டம் சிராகான் அரண்மனைக்குள் புகுந்தது. அதன்பின் அவர் கடற்கரை அரண்மனைகளை நம்பவே இல்லை. குன்றின்மேல், உயரமான மதில்களுக்குள், யில்திஸ் என்னும் சிறு நகரத்தையே கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். பட்டறை, நூலகம், நாடக அரங்கு, மிருகக்காட்சிச் சாலை, பீங்கான் ஆலை எல்லாம் மதிலுக்குள்ளேயே.

இனி பட்டுக்கு வருவோம். 1881இல் கடன்காரர்களின் நெருக்குதலால் ஒட்டோமான் பொதுக்கடன் நிர்வாகம் என்ற அமைப்பு உருவாயிற்று. உப்பு, புகையிலை, மது, முத்திரைத்தாள், மீன் ஆகியவற்றின் வருமானத்தோடு சில மாவட்டங்களின் பட்டு மீதான பத்திலொரு பங்கு வரியும் ஐரோப்பியக் கடன்காரர்களுக்குப் போயிற்று. ஒரு நாட்டின் பட்டுக்கூடுகளை அந்நியர் எண்ணி எடுத்துப்போவது அவமானம்தான். ஆனால் அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வரி பெருக வேண்டுமானால் பட்டு பெருக வேண்டும். ஐரோப்பாவைப் போலவே பூர்சா நகரைச் சுற்றியிருந்த பட்டுத்தொழிலும் 1850களின் இறுதியிலிருந்து புழுநோயால் நொடித்துப் போயிருந்தது. லூயி பாஸ்டர் கண்டுபிடித்த வழியில் நுண்ணோக்கி வைத்து நோயில்லாத முட்டைகளைப் பிரித்தெடுக்கும் முறையைக் கற்றுத்தர 1888இல் பூர்சாவில் பட்டுப்பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அதன் தலைவர் பிரான்சில் படித்துத் திரும்பிய தோர்கோமியான் என்ற ஆர்மீனியர். நொடித்த தொழில் எழுந்து நின்றது. ஹெரெக்கேயின் தறிகளுக்கு ஏறிய நூல் அந்தப் பூர்சா நூல்.

1891இல் ஹெரெக்கேயில் நூறு கம்பளத் தறிகள் நிறுவ சுல்தான் ஆணையிட்டார். சிவாஸ் நகரிலிருந்தும், மேற்கு அனத்தோலியாவில் மனிசா வட்டாரத்திலிருந்தும் நெசவில் தேர்ந்தவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மனிசா வட்டாரத்துக் கோர்தெஸ் என்ற ஊரின் பெயரால்தான் துருக்கி முடிச்சே உலகெங்கும் அறியப்படுகிறது. தறியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்களும் சிறுமிகளும். அரண்மனை மண்டபங்களை நிறைக்கும் பெரிய கம்பளங்கள் பெரும்பாலும் கம்பளியில் நெய்யப்பட்டன. சுவரில் மாட்டவும் வெளிநாட்டு அரசர்களுக்குப் பரிசளிக்கவும் ஏற்ற சிறியவை பட்டில் நெய்யப்பட்டன. அந்தச் சிறியவைதான் ஹெரெக்கேயின் பெயரை நிலைநிறுத்தின.

ஒரு பட்டுக் கம்பளம் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைத்தறிச் சேலை பார்த்து வளர்ந்த நமக்குப் பாவும் ஊடையும் தெரியும். கம்பளத்தில் மூன்றாவதாக ஒன்று வருகிறது. செங்குத்தான தறியில் மேலிருந்து கீழாகப் பாவிழைகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். நெய்பவள் வண்ண நூலை எடுத்து, பக்கத்துப் பக்கத்துப் பாவிழைகள் இரண்டையும் சுற்றி, இரண்டு முனைகளும் நடுவிலிருந்து முன்னால் வருமாறு இழுத்து அறுக்கிறாள். இது ஒரு முடிச்சு. துருக்கி முடிச்சு இப்படி இரண்டு இழைகளையும் சமமாகத் தழுவும். பாரசீக முடிச்சு ஒன்றை முழுதாகச் சுற்றி மற்றதின் கீழே நழுவிப் போகும். துருக்கி முடிச்சு உறுதிக்கு, பாரசீக முடிச்சு வளைகோட்டுக்கு என்று சொல்வார்கள். முடிச்சு போதுமான அளவு நுணுகிவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை ஹெரெக்கே நிரூபித்தது. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை இழை ஓட்டி, கனமான உலோகச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். பிறகு அடுத்த வரிசை. நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளைக் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டுவார்கள். முன்னால் கட்டத்தாளில் வரைந்த மாதிரி தொங்கும். ஒரு கட்டம் ஒரு முடிச்சு.

நல்ல ஹெரெக்கே பட்டுக் கம்பளத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பத்து முடிச்சுகள், அகலத்தில் பத்து. அதாவது சதுர மீட்டருக்குப் பத்து லட்சம். ஒருத்தி நாளொன்றுக்குப் பத்தாயிரம் முடிச்சுப் போடுவதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர மீட்டருக்கு நூறு நாள். எழுதும்போது எளிதாக இருக்கிறது. நூறு நாளும் அந்தக் கண்களுக்கும் விரல்நுனிகளுக்கும் என்ன ஆகும் என்பதை எந்த அருங்காட்சியகப் பலகையும் எழுதுவதில்லை.

கம்பளியில் இந்த நுணுக்கம் முடியாதா என்று கேட்கலாம். கம்பளி நூலின் தடிமன் அதை மிகக் கடினமாக்கிவிடும். பட்டிழை மெல்லியது, இழுவிசையைத் தாங்குவது. சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கியபின் அது சாயத்தை ஆழமாக உறிஞ்சும். ஒளியைத் திருப்பி வீசும் குணமும் அதற்கு உண்டு. வெட்டிய நூல்முனைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், கம்பளத்தை ஒரு முனையிலிருந்து பார்த்தால் வெளிறியும், எதிர்முனையிலிருந்து பார்த்தால் கருத்தும் தெரியும். கடைக்காரர்கள் கம்பளத்தைத் தூக்கி அரைவட்டமாகச் சுழற்றிக் காட்டுவது இந்த ஜாலத்துக்காகத்தான். அதில் மயங்கிப் பணப்பையைத் திறக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வேலைப்பாடு அங்கேதான் தெரியும்.

வடிவமைப்பில் ஹெரெக்கே துருக்கிக் கிராமக் கம்பளங்களின் கட்டம் கட்டமான கோலங்களைப் பின்பற்றவில்லை. அரண்மனை ரசனை வேறு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுப் பாரசீக சபாவிய அரசவையின் கொடிகளும் மேகச்சுருள்களும் நடுப் பதக்கமும், ஒட்டோமான் ஓடுகளில் வரும் துலிப்பும் கார்னேஷனும், ஐரோப்பிய ரோஜாக்கொத்தும் கலந்த ஒரு ரசனை. ஒரு சாரார் இதைக் கலப்படம் என்று குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோல்மாபாஹ்சே அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு, அந்த மண்டபத்தில் கிராமக் கம்பளம் விரித்தால் எவ்வளவு ஒட்டாமல் நிற்கும் என்று புரியும். போலந்து என்ற பெயரில் ஒரு வடிவமும் உண்டு. அது போலந்துக்காரர்களுடையதல்ல. 1878 பாரிஸ் கண்காட்சியில் போலந்துப் பிரபுக் குடும்பம் ஒன்று காட்சிக்கு வைத்த சரிகையிட்ட பாரசீகப் பட்டுக் கம்பளங்களைப் பார்த்தவர்கள் போலந்துக் கம்பளம் என்று நினைத்துக்கொண்டார்கள். தவறென்று தெரிந்த பிறகும் பெயர் போகவில்லை.

மாதிரிகள் எங்கிருந்து வந்தன? தோப்காபி அரண்மனைக் கருவூலத்தில் பெட்டிபெட்டியாகக் கிடந்த பழைய தொழுகை விரிப்புகளே முக்கிய ஊற்று. இதில் ஒரு சுவையான வழக்கு இருக்கிறது. மேல்நோக்கிக் குவியும் மிஹ்ராப் மாடம், குர்ஆன் எழுத்துகள், சரிகை வேலை, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் கொண்ட சில விரிப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் வந்து சேர்ந்தன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கம்பளம் அளித்த ஜார்ஜ் சால்ட்டிங்கின் பெயரால் அந்த வகையே அழைக்கப்படுகிறது. முதலில் அவை பழைய பாரசீகக் கம்பளங்கள் என்றார்கள். பிறகு அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். நிறம் இவ்வளவு புதிதாக இருக்க முடியாது, இவை ஹெரெக்கேயிலும் இஸ்தான்புல்லிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெய்த போலிகள் என்று தீர்ப்பாயிற்று. பல பத்தாண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது. 1990களில் சாயங்களையும் நெசவமைப்பையும் சோதித்து வெளியிட்ட ஆய்வுகள் அதைக் கவிழ்த்துவிட்டன. அவற்றில் பெரும்பகுதி சபாவியர் காலத்து அசல். பெட்டிக்குள் வெளிச்சம் படாமல் கிடந்ததால் நிறம் வாடவில்லை, அவ்வளவுதான். தங்கள் நகலின் தரத்தாலேயே மூலத்தின் மானத்தை வாங்கிய நெசவாளர்கள் உலகில் வேறு எங்கும் இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஹெரெக்கே ஆலை சுல்தானின் தனிக் கருவூலத்தின் கீழ் இருந்தது. அந்தக் கருவூலத்தின் அமைச்சர்கள் யார்? ஆகோப் பாஷா, அவர் 1891இல் இறந்தபின் மிக்காயில் பாஷா, அதன்பின் ஒஹன்னெஸ் பாஷா. மூவரும் ஆர்மீனியர். அரண்மனைகளைக் கட்டிய பல்யான் குடும்பம் ஆர்மீனியர். அரசவைப் புகைப்படக்காரர்களான அப்துல்லா சகோதரர்களும், பெயர் எப்படி இருந்தாலும், ஆர்மீனியரே. அப்துல் ஹமீது 1893இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கும் அதையடுத்து லண்டனுக்கும் அனுப்பிய புகைப்படத் தொகுப்புகள், 51 தொகுதிகள், பெரும்பாலும் அந்தச் சகோதரர்களின் கேமரா தந்தவை. பள்ளிகள், மருத்துவமனைகள், தீயணைப்புப் படை என்று தன் நாட்டின் நவீன முகத்தை உலகம் பார்க்கட்டும் என்பது நோக்கம். கம்பளப் பரிசுகளுக்கும் அதே நோக்கம்தான்.

அடுத்த வருடமே உலகம் வேறொரு முகத்தைப் பார்த்தது. 1894இல் சாசூன் மலைப்பகுதியில் தொடங்கி, 1895 இலையுதிர்காலத்தில் கிழக்கு மாகாணங்கள் முழுவதும் ஆர்மீனியர் படுகொலைகள் பரவின. கம்பளத் தேர்ச்சியாளர்களைக் கொடுத்த சிவாஸிலும் அந்த நவம்பரில் கடைத்தெருவில் ஆர்மீனியர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். 1896 ஆகஸ்டில் ஆர்மீனியப் புரட்சிக்காரர்கள் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் வங்கியைக் கைப்பற்றினார்கள். உள்ளே நுழைந்தவர்களில் தப்பியவர்கள் பிரெஞ்சுக் கப்பலில் பத்திரமாக வெளியேறினார்கள். நகரத்தின் சாதாரண ஆர்மீனியர்கள், சுமை தூக்குபவர்கள் முதலானோர், தெருக்களில் தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டு மூன்று வருடங்களில் இறந்தவர்கள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம்வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். சுல்தான் நேரடியாக ஆணையிட்டாரா, நடக்கவிட்டாரா என்ற விவாதம் ஓயவில்லை. ஹமீதியே என்று தன் பெயரையே சூட்டி 1891இல் அவர் உருவாக்கிய குர்திஷ் குதிரைப்படைகள் அந்தக் கொலைகளில் கலந்துகொண்டன என்பதில் விவாதமில்லை. தறிகளும் குதிரைப்படையும் ஒரே ஆண்டில் பிறந்தவை. அவரைத் தந்திரசாலியான ராஜதந்திரி என்று மெச்சுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள்.

ஐரோப்பிய அரசவைகள் முகம் திருப்பிக்கொண்ட அந்த நேரத்தில், 1898 அக்டோபரில், ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் மனைவியோடு விருந்தாளியாக வந்தார். அவருக்காக யில்திஸ் வளாகத்தில் ஷாலே மாளிகை விரிவாக்கப்பட்டது. அதன் வரவேற்பு மண்டபத்தில் ஹெரெக்கேயில் நெய்த 400 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட ஒற்றைக் கம்பளம் விரிந்து கிடக்கிறது. அறுபது பேர் நெய்தது என்றும், உள்ளே கொண்டுபோகச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்தது என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். விருந்தாளிகளை ஹெரெக்கேக்கும் அழைத்துச் சென்றார்கள். அவர்கள் இளைப்பாறுவதற்கென்று ஆலைக்கு முன்னால் கடற்கரையில் எழுப்பிய மரமாளிகை மூன்றே வாரத்தில் நிறுத்தப்பட்டதாம். பேரரசியின் கையில் பட்டுக் கம்பளம், பேரரசரின் பையில் ரயில்பாதை ஒப்பந்தங்களுக்கான வழி. பாக்தாத் ரயில்பாதை ஜெர்மானியர்கள் கைக்குப் போனது அதற்குப் பிறகுதான். அந்த வருகையின் நினைவாக ஜெர்மனி அனுப்பிய நீரூற்று மண்டபம் இஸ்தான்புல் பழைய குதிரைப் பந்தயத் திடலில் இன்றும் நிற்கிறது.

ஹெரெக்கேயில் வரைபடம் தீட்டிய, நெசவு கற்பித்த ஆர்மீனியர்கள் சிலர் இஸ்தான்புல்லில், ஆர்மீனியத் தலைமைப் பேராயர் பீடம் இருக்கும் கும்காபி பகுதியில், சொந்தத் தறிகள் போட்டார்கள். ஹாகோப் கபூஜியான், அவருக்குப் பின் வந்த ஸாரே பென்யாமின் ஆகிய இருவர் பெயரும் கம்பளக்காரர்களிடையே மரியாதையோடு சொல்லப்படுபவை. கும்காபிக் கம்பளம் ஹெரெக்கேயிலிருந்து ஒரு படி தள்ளிப் போகும். நிலம் முழுவதும் அல்லது அதன் பகுதிகளில் முடிச்சுப் போடாமல், தங்கமுலாம் பூசிய வெள்ளிச் சரிகையைப் பாவிழைகள்மேல் சுற்றிச் சுற்றித் தட்டையாக நெய்துவிடுவார்கள். முடிச்சிட்ட பட்டுப் பூக்கள் அந்தச் சரிகைத் தளத்திலிருந்து செதுக்கியதுபோல் எழுந்து நிற்கும். மாடத்தின் மேல்வளைவு தலைப்பாகை அணிந்த தலையைப்போல நெளிந்து குவியும் வடிவத்துக்குச் சுல்தான் தலை என்றே பெயர். ஸாரே தன் பெயரைப் பழைய கூஃபி எழுத்தின் சாயலில், அலங்காரத்தோடு அலங்காரமாக, மாடத்துக்குள் நெய்து வைத்தார். இஸ்லாமியத் தொழுகை விரிப்பின் உச்சியில் ஒரு ஆர்மீனியக் கிறிஸ்தவனின் கையொப்பம். 1890இலும் 1895இலும் ஆர்மீனியர்கள் சுல்தானுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்ததும் இதே கும்காபித் தெருக்களில்தான்.

சுல்தானின் இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றர்களின் அறிக்கைகளைக் கட்டுக்கட்டாகப் படித்து முடித்தபின், திரைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து உரக்க வாசிக்க, அவர் துப்பறியும் கதைகள் கேட்டுக்கொண்டே தூங்குவார். அவருக்கென்றே மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் அவருக்கு மிகப் பிடிக்கும். 1907இல் இஸ்தான்புல் வந்த ஆர்தர் கோனன் டாயிலுக்கு மெஜீதியே விருது அளித்தார். நாட்டுப் பத்திரிகைகளில் பல சொற்களையே தடைசெய்த தணிக்கையை நடத்தியவரும் இவரே.

1905 ஜூலை 21, வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வெளியே வரும் சுல்தான் வண்டியில் ஏறும் நேரத்தை நொடிக் கணக்கில் அளந்து ஆர்மீனியப் புரட்சிக்காரர்கள் ஒரு வண்டியில் வெடிகுண்டு வைத்திருந்தார்கள். ஷெய்குல் இஸ்லாமோடு ஓரிரு வார்த்தை பேசி நின்றதில் அவர் தாமதமானார். குண்டு வெடித்து 26 பேர் இறந்தார்கள்; அவருக்குக் கீறல்கூட இல்லை. கவிஞர் தெவ்ஃபிக் ஃபிக்ரெத் அந்தத் தாமதத்தை நொந்து ஒரு கவிதையே எழுதினார். அது அப்போது அச்சில் வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அதே வருடம் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பி அணிந்து வந்த வழக்கறிஞர் அப்துல் காதரை வாதாட அனுமதிக்காததால் இலங்கை முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள் என்பது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். கலீபா என்ற முறையில் இந்த மனிதரின் நிழல் அவ்வளவு தூரம் விழுந்திருந்தது.

1908இல் இளந்துருக்கிய அதிகாரிகள் மக்கெதோனியாவில் கிளம்பி, அரசியல் சட்டத்தை மீண்டும் அமலாக்க வைத்தார்கள். மறுவருடம் ஏப்ரலில் தலைநகரில் எழுந்த எதிர்க்கலகத்தை அடக்கிய கையோடு, 1909 ஏப்ரல் 27 அன்று அவரைப் பதவியிறக்கினார்கள். செய்தி சொல்ல யில்திஸ் போன குழுவில் நால்வர். ஒரு அல்பேனியர், ஒரு யூதர், அராம் எஃபெந்தி என்ற ஒரு ஆர்மீனியர் ஆகியோர் அவர்களில் இருந்தார்கள். அன்றிரவே ரயிலில் சலோனிகாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே ஒரு மாளிகையில் காவலுக்கு நடுவே அவர் கேட்டுப் பெற்ற வசதிகளில் தச்சுக் கருவிகளும் உண்டு. 1912இல் பால்கன் போரில் சலோனிகா வீழும் நிலையில், ஜெர்மானியத் தூதரகக் கப்பலில் அவரை இஸ்தான்புல் கொண்டுவந்து பெய்லர்பெயி அரண்மனையில் வைத்தார்கள். ஜன்னலுக்கு நேரெதிரே, பாஸ்பரஸின் மறுகரையில், அவர் 30 வருடம் ஆண்ட குன்று.

பெய்லர்பெயியில் இருந்தபோதுதான் 1915 வந்தது. அவரை இறக்கியவர்கள் ஆர்மீனியர்களைச் சிரியப் பாலைவனத்துக்கு விரட்டினார்கள். சிவாஸ் மாகாணத்து ஆர்மீனியரில் மிகப் பெரும்பாலோர் அந்த வழியில் மடிந்தார்கள். அப்துல் ஹமீது 1918 பிப்ரவரி 10 அன்று இறந்தார். வயது 75. திவான்யோலுத் தெருவில் தாத்தா இரண்டாம் மஹ்மூதின் கல்லறை மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சித்தப்பா அப்துல் அஜீஸும் அங்கேதான் கிடக்கிறார்.

ஸாரே பென்யாமின் பின்னாளில் பாரிஸ் போய்ச் சேர்ந்து 1949இல் காலமானார். கும்காபித் தறிகள் அந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டன. ஹெரெக்கே ஆலை குடியரசுக் காலத்தில் அரசுடைமை நிறுவனமான சூமர்பாங்கின் கையில் பல பத்தாண்டுகள் இருந்து, 1995இல் தேசிய அரண்மனைகள் நிர்வாகத்துக்கு மாறியது. ஹெரெக்கே என்று பெயரிட்டுச் சீனாவில் நெய்த பட்டுக் கம்பளங்களும், பட்டல்லாத பளபள நூலில் நெய்தவையும் சந்தையில் ஏராளம். பழைய கம்பளம் என்று யாராவது உங்களிடம் காட்டினால் கரையின் மூலையில் நெய்திருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். 1928இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது. சுல்தான் காலத்து ஹெரெக்கேயில் பெயர் இருந்தால் அது அரபு எழுத்தில், வலமிருந்து இடமாகத்தான் இருக்கும்.